மூன்று படங்கள்

12.1.1976, திங்கள்
நாலாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கொழுந்தன் பவுல் வாசலில் வந்து நின்றான். உடம்பெல்லாம் ஈரம். "மதினி, அண்ணனுக்கு மறுபடி வலிப்பு வந்துட்டு. சங்கு குளிக்கப் போன இடத்துல, தண்ணிக்குள்ள. கயித்தப் பிடிச்சு இழுத்துட்டோம்."
இனி இவரை வள்ளத்தில் ஏற்ற மாட்டார்களாம். கணக்கை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன்?

3.2.1976, மெட்ராஸ்
ராயபுரத்தில் இவருடைய அக்கா வீட்டில் தங்கியிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் கையில் ஏதோ ஊசி போட்டு, தலையை மிஷினுக்குக் கீழே வைத்துப் படம் எடுத்தார்கள். தாள் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். இடது பக்கம் நெருக்கமாக இருக்கின்றன. கட்டியாக இருக்கலாம், மண்டையைத் திறக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

9.2.1976
ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு படம். அதில் ஒன்றுமே இல்லை. அதே மிஷின், அதே தலை.
சின்ன டாக்டரம்மா ஞானபாய் நாகர்கோவில்காரி. "ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு எடுக்கோம், தலை எப்படிச் சாஞ்சிருந்து, எல்லாத்துக்கும் படம் மாறும்க்கா" என்றாள்.
"அப்போ எது நெசம்?"
படத்தை உறைக்குள் போட்டாள்.
இவர் சிரித்தார். "ஏளா பிளாரன்ஸ், கட்டி வெளிய போயிட்டு வருது போல."
சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை.

16.2.1976
மூன்றாவது படம். கறுப்பு இருக்கிறது. ஆனால் முன்பு இருந்த இடத்தில் இல்லை, சற்றுப் பின்னால். கட்டி நகருமா?

17.2.1976
பெரிய டாக்டரிடம் கேட்டேன், திறக்காமல் விட்டால்?
"கட்டியா இருந்தா வருஷம் தாங்காது."
"இல்லேன்னா?"
"மாத்திரையில ஓட்டலாம்."
இவர் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லுளா. எனக்கு ஒண்ணும் புரியல."
மூன்று படத்தில் இரண்டில் கறுப்பு. திறக்கச் சொன்னேன்.

24.2.1976
திறந்தார்கள். கட்டி இல்லை.

25.2.1976
உள்ளே ரத்தம் கசிந்துவிட்டதாம். இன்னும் கண் திறக்கவில்லை. அக்கா அழுதாள். நான் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

14.6.1976, தூத்துக்குடி
பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பகலில் இவரைப் பவுல் பார்த்துக்கொள்வான். வலது கையை இன்னும் தூக்க முடியவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.
காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, மரியாதையாகக் கேட்டார்: "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?"
"இந்த வீடுதான்" என்றேன்.
அடுத்த பொத்தானைப் போட்டேன்.