அருள் கேட்காத இடம்

குமுளி,
ஐப்பசி மாதம்.

வணக்கத்துக்குரிய அருள்குமார் சாமிக்கு, எஸ்டேட் லயத்து வீட்டுப் பெரியமுத்து எழுதிக்கொள்வது. உடம்பு எப்படி இருக்கிறது? மரியாதை இத்தோடு போதும். ஊருக்கு நீ துணைவேந்தராக இருந்த பெரிய சாமி. எனக்குப் பக்கத்து வீட்டு அருளுதான்.

இங்கே விடாத மழை. என் பேரன் லோகேஷ் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். நாம் பள்ளிக்கூடம் போன தேயிலைப் பாதை இப்போது ரிசார்ட்டுக்குப் போகிற தார் ரோடு. அங்கே அட்டை கடித்த என் காலுக்கு நீ சுண்ணாம்பு தடவிவிட்டதை லோகேஷிடம் சொன்னால் சிரிக்கிறான்.

நானும் என் வீட்டுக்காரி ராமுத்தாயும் உன் பல்கலைக்கழகத்துக்கு வந்தோமே, நினைவிருக்கிறதா? எதிரே வந்த பிள்ளைகளையெல்லாம் நீ பேர் சொல்லிக் கூப்பிட்டாய். "இம்புட்டுப் பேரையும் எங்கன வச்சிருக்காக?" என்று பஸ்ஸில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தப் பதவி முடிந்ததும் உன்னை ஏதோ கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நமக்குத் தெரிந்தது எஸ்டேட்தான். இங்கே பெரிய சீட்டில் இருந்தவனைச் சின்ன இடத்துக்கு மாற்றினால் மேனேஜரோடு தகராறு என்று அர்த்தம். யூனியன் பாண்டி உங்கள் இயேசு சபைக்கு எதிராகக் கொடி பிடிக்கக் கிளம்பிவிட்டான்! போனில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அனுப்புற இடத்துக்குப் போறதுதான்டா எங்க பொழப்பு. எனக்கு இன்ன இடம் வேணும்னு நான் கேட்டதே இல்ல" என்றாய். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

போன வாரம் போனில் ராமுத்தாயை விசாரித்தாய். கொழுந்து பறிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவளை அடக்கம் செய்தபோது என் பக்கத்தில் நின்று மண் அள்ளிப் போட்டவன் நீ. அதற்கு முந்தின வாரமும் இதையே கேட்டாய். உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் கேள்விப்பட்டவன் மாதிரி தேம்பித் தேம்பி அழுதாய். இன்னொரு தடவை உன்னை அழவைக்க எனக்குத் தெம்பில்லையடா.

உன்னைச் சென்னையிலேயே வயதான சாமியார்களின் இல்லத்தில் வைக்கப் போகிறார்களாம். இங்கே பள்ளியை ஒட்டி இருக்கும் உங்கள் சபை வீட்டைப் பார்த்துக்கொள்கிற ரிஜோ சாமிதான் சொன்னார். இங்கும் ஓர் அறை காலியாக இருக்கிறது, நீ வாய் திறந்து கேட்டால் சபைத் தலைவர் மறுக்கமாட்டார் என்கிறார். நீயோ, எங்கே அனுப்பினாலும் சம்மதம் என்று சொல்லியிருக்கிறாய். அட போடா! அங்கே உன்னை அருளு என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? என் குரலாவது உனக்கு இன்னும் அடையாளம் தெரிகிறது. அது இருக்கும்போதே வந்துவிடு.

தலைவர் உன்னைப் பார்க்க வருகிற அன்று என்ன கேட்பது என்று தோன்றாவிட்டால், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடு.

எங்கள் மாரியாத்தாளும் உங்கள் மாதாவும் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன்,
பெரியமுத்து

தலைவர் ஐயா அவர்களுக்கு: அவன் கேட்கமாட்டான். அவனுக்காக நான் கேட்கிறேன்.