பேரை மட்டும் சொல்லட்டும்

2-11-87, காலை

என்னங்க,

களி சட்டியில இருக்குது. மொச்சைக்கொட்டைக் குழம்பை ஒரு கொதி விட்டுச் சாப்பிடுங்க. நீங்க கொல்லையிலருந்து வர்ற வரைக்கும் எனக்குப் பொறுக்கல, கோயிலுக்குக் கெளம்பிட்டேன்.

சாயந்தரம் கல்லறைப் பூசையில செத்தவங்க பேரோட நம்ம ஸ்தனிஸ் பேரையும் படிக்கச் சொல்லி உபதேசியார்கிட்ட குடுத்திருக்கீங்க. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? லாரியில கிளீனரா போன பையன் மூணு வருசமா கடுதாசி போடல. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான?

"உசுரோட இருந்தா வந்திருக்க மாட்டானா"ன்னு நேத்து கத்தனீங்க. நானும் தெனம் ஆண்டவர்கிட்ட அதையேதான் கேக்கறேன். அவரும் வாயத் தொறக்கல. அதுக்காக அவரையும் நான் விடல, இவனையும் விடல.

ஃபாதரைப் பார்த்து அந்தப் பேரை எடுத்துடச் சொல்லப் போறேன். நாளைக்குக் காலைப் பூசையில அவன் பேரை மட்டும் சொல்லட்டும். இருக்கறவனா, போனவனான்னு சொல்ல வேணாம். எந்தப் பக்கம் சேக்கறதுன்னு ஆண்டவருக்குத் தெரியும்.

உங்க அக்கா வந்தா காப்பி வெச்சுக் குடுங்க. மெழுகுவத்தி உங்க அம்மா கல்லறைக்கு மட்டும் வாங்குங்க. அவனுக்குன்னு வாங்கிட்டு வந்துடாதீங்க.

மிக்கேலம்மாள்

ராத்திரி நீங்களும் அழுதீங்க. நான் தூங்கல.

கல்லறைக்கு வரும்போது சாவியை மடியில கட்டிக்கிட்டு வராதீங்க. எப்பவும் போல கூரை எரவாணத்துலயே சொருகிட்டு வாங்க. அவனுக்கு அந்த எடந்தான் தெரியும்.