ஏலக்காய் வாசம் அடித்த முட்டைகள்

சாந்தன்பாறை,
சனிக்கிழமை

அன்புள்ள ஜிபி அண்ணாவுக்கு ஜிஸ்மி எழுதுவது.

முட்டைப் பெட்டியைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் வந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். அப்போது ஏன் என்று புரியவில்லை. இப்போது புரிந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ திருப்பூருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அப்பா சொன்னார். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. மழை இன்னும் விடவில்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, என்ன அடைக்கோழி, இன்னைக்காவது சத்தம் வருமா என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். அதோடு எனக்குப் பேச்சு வராது. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதும் அப்படித்தான். எழுத்தெல்லாம் தெரிந்தது, சத்தம்தான் வரவில்லை. ஒரு வருடம் முழுக்க நின்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் சிரிப்பாய்.

குஞ்சு பொரிக்க வைத்த அந்தப் பெட்டி மீன்காரரிடம் கேட்டு வாங்கின தெர்மாகோல் பெட்டி. மீன் நாற்றம் போக நான்கு நாள் கழுவினேன். இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், ஒரு தெர்மாமீட்டர். குடும்பஸ்ரீ மகளிர் குழு ஆனந்தி அக்கா என்னை நம்பி நாற்பத்திரண்டு முட்டை கொடுத்தார். குஞ்சு பொரித்தால் நான் வீட்டிலேயே இருந்து இதே வேலையைப் பார்க்கலாம், இல்லையென்றால் கொச்சியில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அடைக்கோழி கூட்டை விட்டு எங்க போகும் என்று சொன்னதும் நீதான்.

முட்டை வைத்த பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை, லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போனது, ஞாயிறு சாயங்காலம்தான் வந்தது. நான் அழுதுகொண்டு உட்காரவில்லை. நான்கு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய துண்டில் சுற்றி, பெட்டிக்கு நான்கு மூலையிலும் வைத்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றினேன். தெர்மாமீட்டர் முப்பத்தேழுக்குக் கீழே இறங்கவே இல்லை. மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே குஞ்சுகள் அசைந்தன. லீவுக்கு வந்திருந்த உனக்கும் காட்டினேன். நீயே பார்த்துவிட்டு, அட, உசிரோடதான் இருக்கு புள்ள என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

ஞாயிறு காலையில் அம்மாவும் அப்பாவும் மாதா கோயில் பூசைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் வரவில்லை என்றேன். நீதான் போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன் என்றாய். ஒரே ஒரு தடவை பாட்டில் மாற்றச் சொன்னேன். தண்ணீரைக்கூட அடுப்பில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து திறந்தபோதுதான் அந்த வாசம். முட்டையைத் தொட்டேன், கை சுட்டது. உன்னிடம் கேட்டேன். வெந்நீர் கொஞ்சம் கூடிப்போச்சு, ஆறிடும் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய்.

செவ்வாய்க்கிழமை பொரிக்க வேண்டும். புதன்கிழமை வரை ஒரு முட்டையில்கூட விரிசல் இல்லை. அப்பா மூன்றை உடைத்துப் பார்த்தார். இறகு முளைத்து, அலகு முளைத்து, முழுக் குஞ்சாக இருந்து செத்திருந்தன. அப்பா உனக்குப் போன் போட்டார். நீ என்ன சொன்னாய்? அவ தூங்கிட்டாப்பா, பாட்டில் எல்லாம் ஐஸ் மாதிரி கிடந்துச்சு, நான் சொன்னா வருத்தப்படுவாளேன்னுதான் சொல்லல என்றாய். நான் போனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தார். நான் உடைந்த ஓடுகளைப் பொறுக்கினேன்.

வியாழக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டு ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் போனேன். அப்பா பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவரோடு வேலை பார்க்கும் முனீஸ்வரன் அண்ணன் என்னைப் பார்த்ததும் சிரித்தார். என்ன ஜிஸ்மி, ஞாயித்துக்கிழமை உங்கண்ணன் தட்டு நிறைய முட்டையைக் கொண்டாந்து காய்க்குக் கீழே காயவச்சான், வண்டன்மேட்டுல ஏலக்காயோட சேர்த்து ஏலம் போடப் போறீங்களா என்று கேட்டார். எவ்வளவு நேரம் இருந்தது என்றேன். பூசை முடியுற வரைக்கும், கையை வச்சுப் பாத்துட்டு இதமான சூடுதான்னு சொன்னான் என்றார்.

நீ பத்து வயதிலிருந்து அந்த ஸ்டோர் அடுப்பில் விறகு தள்ளியவன். காய் காய்கிற சூட்டைக் கையை வைத்துச் சொல்கிற பழக்கம் உனக்கு. காய்க்கு அது சரி. அடுப்பில் வெந்து பழகின கைக்கு எல்லாமே இதமாகத்தான் இருக்கும். நான் வீட்டுக்கு ஓடிப்போய்த் தெர்மாமீட்டரை எடுத்துவந்து அதே அடித்தட்டில் வைத்தேன். நாற்பத்தொன்பது காட்டியது. கெட்டிலைத் தூக்கி நான்கு பாட்டிலில் ஊற்றச் சோம்பல்பட்டு, நாற்பத்திரண்டு குஞ்சையும் ஓட்டுக்குள்ளேயே வேகவைத்திருக்கிறாய்.

தெரியாமல் செய்தாய். அதை நான் பொறுத்துக்கொள்வேன், நான்கு நாள் அழுதுவிட்டு மறந்தும் போவேன். ஆனால் நான் தூங்கினேன் என்று சொன்னாயே, அது தெரியாமல் சொன்னது இல்லை. கூசாமல் சொன்னாய். இவள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்று தெரிந்துதானே சொன்னாய்? வேறு யாராவது இருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பாயா? இரண்டு நாள் நான் கண்ணை மூடவில்லை. விரலெல்லாம் கொப்புளம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாய்.

ஆனந்தி அக்கா இன்னொரு தடவை முட்டை தருகிறேன் என்கிறார். அப்பாதான் வேண்டாம் என்றுவிட்டார். தூங்குகிற பிள்ளையிடம் உயிரை நம்பிக் கொடுக்கக் கூடாதாம்.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். அப்பாவுக்கு நீயே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள்.

சாயப்பட்டறையில் கொதிக்கிற தண்ணீர் பக்கத்தில் நிற்கிறாய். கையை வைத்துச் சூடு பார்க்காதே அண்ணா. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
ஜிஸ்மி

ஒட்டுவதற்கு முன் எழுதுவது: அப்பா இப்போதுதான் வேலை முடிந்து வந்தார். திங்கட்கிழமை கொச்சி பஸ், துணியை எடுத்து வை என்றார். நான் துணியை எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், அவர் முன்னால் நின்று, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன்.