மலர்விழி குழி

அன்பு மகள் மலர்விழிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க தீர்த்தமலையான் துணை. போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஜீப்பில் ஏதோ சுரங்கக் கம்பெனி ஆட்கள் நாலு பேர் வந்து, ஊர்க்கிணற்றுக்கு மேற்கே வெள்ளைக்கல் வரிவரியாக ஓடுகிற பாறை எது என்று வீடு வீடாகக் கேட்டார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நம் வீட்டுக்கும் வந்தார்கள், கையில் ஒரு கட்டுக் காகிதம், முதல் பக்கத்தில் உன் பெயர். நீ காலேஜில் எழுதிக் கொடுத்த கல் ஆராய்ச்சி கண்ணு, உள்ளே நீ நம்பர் போட்டு வரைந்த படம், நீ அளக்கும்போது நான் டேப் பிடித்த அதே இடங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, டீ கொடுத்து, செருப்புக்கூடப் போடாமல் கூட்டிப்போய், "இதுதாங்க, எம்பொண்ணு கண்டுபுடிச்சது" என்று காட்டிவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல. மறுநாளே துளை போடுகிற வண்டி வந்து பதினோரு நாள் ஓடியது. அந்த வாரமே ஊர்க்கிணற்றில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது, இப்போது அடியில் சேறுதான். துளையால்தானா என்று எனக்குத் தெரியாது, நீ படித்தவள், உனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு மாதேஸ் நமக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டான், கேட்டதற்கு "உங்க பொண்ணு படிச்ச படிப்பு ஊருத் தண்ணியையே குடிச்சிருச்சுங்க" என்றான். நேற்று நம் வீட்டுப் பின்பாறையில் சிவப்புப் பெயிண்டில் பதினாலு என்று எழுதிப் போயிருக்கிறார்கள். உன் படத்திலும் அங்கே பதினாலுதான்.

கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரன் கல்லறையில் இருந்த கல்லை ஆராய்ந்து, ஹாலண்ட் என்கிறவர் அந்தக் கல் வகைக்கே செத்தவன் பெயரை வைத்தார் என்று நீ சொன்னாயே, என் பெயரிலும் ஒரு கல் வரும் பாருப்பா என்றாயே. அபசகுனமாகப் பேசாதே என்று அன்றைக்கு அதட்டினேன். கல்லுக்கு வைக்கவில்லை கண்ணு, அந்தத் துளைக்கு வைத்துவிட்டார்கள். ஆடு ஓட்டுகிறவர்கள்கூட "மலர்விழி குழிப் பக்கம் போவாதீங்க" என்கிறார்கள்.

உன் படத்தில் மொத்தம் எத்தனை நம்பர் என்று எழுது. பொங்கலுக்கு வருவதானால் அரூர் பஸ் ஸ்டாண்டிலேயே நில், நான் வந்து கூட்டி வருகிறேன், தனியாக ஊருக்குள் வராதே. நோய் நொடி அண்டாமல் நூறு வயது இரு. மறக்காமல் ஒன்று, பதில் போடும்போது கவர் மேல் உன் பெயரை எழுதாதே.

உன் அப்பா
சென்னப்பன்