மாடி அறைக் கதவு

அண்ணா,

நம் வீட்டைப் பழைமை மாறாமல் பாதுகாக்க அரசு எடுத்துக்கொள்கிறது. நேற்று பொறியாளர் வந்தார். தாத்தா கட்டியது, அப்பா மாடி எடுத்தது என்று எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மாடிக் கோடி அறைக் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தவர், "இவ்வளவு கீறலா! இங்க என்னம்மா வளர்த்தீங்க?" என்றார்.

"நாய்" என்று சொல்லிவிட்டேன்.

"பாவம். எத்தனை வருஷம்?"

"ஒன்பது."

அதையும் எழுதிக்கொண்டார். கதவை இழைத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "இதுவும் வீட்டோட வரலாறுதாம்மா, கை வைக்கக் கூடாது" என்றார்.

புத்தி பேதலித்தவளைப் பூட்டியது அப்பாதான். ஆனால் சோற்றுத் தட்டைக் கதவடியில் தள்ளிவிட்டு, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் வந்தது நாம். அது நாயில்லை, எங்கள் அம்மா என்று அவரிடம் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல எனக்கு வாய் வராது. நீ வா.

உன் தங்கை