சிவப்புக் குழாய்

ஜிலின், மான் பண்ணை

அம்மாவுக்கு யிங்ஹுவாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? இடக்கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். பயப்படாதீர்கள், வலக்கையில் மாவுக்கட்டு, அவ்வளவுதான்.

மருந்துக்கு மான் இளங்கொம்பு விற்கும் முதலாளி குவானுக்கு ஆண்குட்டிகள்தான் வேண்டும். சினை ஊசிக் குழாய்கள் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம் என்று வந்தன; எது எதற்கென்று எழுதியிருக்கவில்லை. பெண் பிறந்தால் நம் மஞ்சு இனத்து வீடுகளில் வாசலில் சிவப்புத் துணிதானே கட்டுவோம்? சிவப்பை ஒதுக்கி நீலத்தைப் போட்டேன். குழாய் விற்றவனுக்குச் சிவப்புதான் ஆணாம். முப்பது குட்டியும் பெண்.

"பொட்ட தலையில கொம்பா மொளைக்கும், கழுத?" என்று கத்திக்கொண்டே முதலாளி ஒரு குட்டியைத் தடியால் அடித்துக் கொன்றார். அடுத்ததற்கு ஓங்கியபோது குறுக்கே கை நீட்டினேன். எலும்பு முறிந்தது. மறு கையால் தடியைப் பிடுங்கி நானும் ஒரு போடு போட்டேன். அவருக்கு இரண்டு பல் போயிற்று. ஊசி போட வேறு ஆள் கிடைக்காததால் வேலை போகவில்லை.

புளித்த முட்டைக்கோஸ் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே தனியாகச் சாப்பிட எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. நான் பிறந்தன்று நீங்கள் வாசலில் கட்டி, அப்பா கிழித்தெறிந்த சிவப்புத் துணி பெட்டியில்தானே இருக்கிறது? தைக்க வேண்டாம், கிழிந்தபடியே அனுப்புங்கள். இருபத்தொன்பது குட்டிகள் இருக்கும் கொட்டில் வாசலில் கட்டப் போகிறேன்.

தபால் வண்டி கிளம்புகிறது.

யிங்ஹுவா