பானையில் மீந்த சோறு

ஜூன் 5, வியாழன்
இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று லாண்டரியில் சொல்லிவிட்டார்கள். "அப்பாடா, மீதி நாலு நாள் நாமதான் மகாராணி" என்றேன். இஸ்திரி மேசையில் எல்லோரும் சிரித்தார்கள்.
சாயந்திரம் இருந்த சோற்றை மகளுக்குப் போட்டேன். "உனக்கு இல்லையாம்மா?" என்றாள். "வேலை இடத்துல விருந்துடி. நடக்கவே முடியல" என்று வயிற்றைத் தடவி ஓர் ஏப்பம் விட்டேன். பொய் ஏப்பம். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 10
இன்றும் விருந்து. இன்றும் ஏப்பம்.

ஜூன் 17
பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். பென்சில் தரவில்லை என்று மகள் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் கையைக் கடித்துவிட்டாளாம். "முன்னெல்லாம் கேள்வி கேட்டே என் உயிரை எடுப்பா. இப்போ மேசையில தலையைச் சாய்ச்சுப் படுத்துடறா. எழுப்பினா எரிஞ்சு விழறா" என்றார் டீச்சர். "என் பொண்ணாச்சே, தூக்கத்துக்குக் குறைச்சல் இருக்குமா?" என்று இளித்துவைத்தேன்.
வழியில், "ஏண்டி, நான் பெத்தது பொண்ணா நாய்க்குட்டியா?" என்றேன். ஒன்று சொன்னால் பத்து பேசுகிறவள், என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

ஜூன் 20
வேலைக்குப் போகிற நாளெல்லாம், திரும்பி வந்தால் பானையில் சோறு மீந்திருக்கிறது. காலையில் டப்பாவில் கட்டிக் கொடுத்தது போக இவ்வளவு இருக்காதே? கேட்டால், "எனக்குப் பசிக்கலம்மா. ஃப்ரெண்டு பாதி கொடுத்தா" என்று வயிற்றைத் தடவி ஏப்பம் விடுகிறாள். அச்சு அசல் என் ஏப்பம். சிரித்துவிட்டேன்.
மீந்ததை நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

ஜூன் 24
காலையில் பள்ளியில் வரிசையில் நின்றவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று கூப்பிட்டார்கள்; ஓடினேன். பள்ளி நர்ஸ் அவள் கண்ணிமையை இழுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளை. "ரத்தமே இல்ல. என்னம்மா சாப்பிடக் கொடுக்கறீங்க?"
கடி வாங்கிய பெண்தான் சொன்னாள்: "அவ டப்பாவைத் திறக்கவே மாட்டா ஆன்ட்டி. கேட்டா, அம்மாவுக்குன்னு சொல்லுவா."
கொண்டுவந்து பானையில் கொட்டியிருக்கிறாள். நான் வருவதற்குள்.
"ஏண்டி?"
"நீ ஒண்ணும் விருந்து சாப்பிடல. உன் மேல சோப்பு வாசனை மட்டும்தான் வருது."
அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 25
லாண்டரியில் எழுபது விரிப்பு தேய்த்தேனாம். ஒன்றுகூட நினைவில்லை.

ஜூன் 27
டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "வீட்டுல சாப்பாடு பத்தல டீச்சர்." இதைச் சொல்லவா இத்தனை நாள்? கேலி எதுவும் சேர்க்க வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.
திங்கள் முதல் காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பாடு. நர்ஸ் மாத்திரை தருவார். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் டீச்சர். கூடாதா? எனக்கும் தெரியவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிற வாய்தான் — இதைச் சொல்ல மட்டும் பூட்டு.

ஜூலை 8
அவள் நகத்தில் இன்னும் நிறம் வரவில்லை. ஆனால் யாரையும் கடிக்கவில்லை.
சாயந்திரம் இரண்டு தட்டு வைத்தேன். அவள் கை வைக்கவில்லை. "முதல்ல நீ."
ஒரு வாய் சாப்பிட்டேன்.
"ஆ காட்டு."
காட்டினேன். நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். பிறகுதான் தன் தட்டை இழுத்துக்கொண்டாள்.